இரண்டு வீட்டுச் சாவி வைத்திருப்பவர்களுக்கு

நியூஜெர்சியில் ஒன்றுக்கு இரண்டாக வீடு வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் நம்மவர் நடுவே ஒரு பேச்சு கிளம்பிவிடும். "செப்டம்பருக்குள்ள அந்த டிஸ்ட்ரிக்ட்ல ஒரு ஒன் பெட்ரூம் லீஸ் போட்டுட்டாப் போதுமாமே, டீச்சர்?" பிறந்தநாள் விருந்தில் கேட்பார்கள், கோயில் பார்க்கிங்கில் கேட்பார்கள், தமிழ்ப்பள்ளி வராந்தாவில் பிள்ளைக்குக் காத்து நிற்கும்போது கேட்பார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், அவ்வளவுதான். ஆனால் பள்ளி அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தால் அதைப் படித்துச் சொல்ல யாராவது வேண்டுமே என்று என்னிடம் கொண்டுவரும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. அந்த உறைகளின் புண்ணியத்தில் இந்த மாநிலத்துக் குடியிருப்பு விதிகளை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டு வீடு வைத்திருப்பதில் தப்பே இல்லை. பழைய டவுன்ஹவுஸை விற்க மனமில்லாமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனவர் இருக்கிறார். புது வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, பில்டர் இழுத்தடிப்பதால் பழைய அபார்ட்மெண்டிலேயே காத்திருப்பவர் இருக்கிறார். குடும்பத்தை இங்கே விட்டு, வார நாட்களில் வேலை பார்க்கும் ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கும் அப்பா இருக்கிறார். பிரிந்து வாழும் கணவன் மனைவி இருக்கிறார்கள். கடைசியாக, பிள்ளையின் பள்ளிக்காக மட்டுமே பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்து, அதன் கரண்ட் பில்லைப் பத்திரமாக ஃபைலில் வைத்திருப்பவரும் இருக்கிறார். இந்த ஐந்து பேரையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை. நாம்தான் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, முதல் நால்வருக்குத் தேவையில்லாத பயத்தையும் ஐந்தாமவருக்குத் தேவையில்லாத தைரியத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நியூஜெர்சிச் சட்டம் கேட்பது ஒரு கேள்விதான்: பெற்றோரின் நிரந்தர வீடு எது? வெளியூர் போனாலும் திரும்பி வந்து சேரும் வீடு, இப்போதைக்கு விட்டுப் போகும் எண்ணம் இல்லாத வீடு எது? அந்த வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே 5 வயதுக்கு மேல் 20 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இலவசக் கல்வி. ஒருவருக்கு எத்தனை வீடு வேண்டுமானாலும் இருக்கலாம், நிரந்தர வீடு என்று கணக்கில் வருவது ஒன்றுதான். பத்திரம் யார் பேரில் என்பது அதற்கு ஒரு சான்று மட்டுமே. லீஸ், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பதிவு, மின்சார ரசீது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அல்ல என்பது விதி. அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு காகிதம் இல்லை என்பதற்காக அவர்கள் உங்களை ஒதுக்க முடியாது. ஒரே ஒரு காகிதத்தைக் காட்டி நீங்களும் உள்ளே நுழைய முடியாது.

"ரெண்டு ஊர்லயும் வரி கட்டுறோமே" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாதம். கோபம் புரிகிறது. வீட்டு வரியில் இந்த மாநிலத்தை மிஞ்ச ஆளில்லை. அந்த வரியில் ஏறத்தாழ பாதி பள்ளிகளுக்குத்தான் போகிறது. வாடகைக்கு விட்ட டவுன்ஹவுஸுக்கு ஆண்டுக்கு நாலு தவணை கட்டிவிட்டு, அந்த ஊர்ப் பள்ளியில் என் பிள்ளைக்கு இடமில்லை என்றால் யாருக்கும் எரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த டவுன்ஹவுஸில் இப்போது குடியிருப்பவருக்கும் பிள்ளை இருக்கிறது. அவர் தரும் வாடகையிலிருந்துதான் அந்த வரியே போகிறது. அந்த வீட்டின் பேரில் பள்ளியில் உட்காரும் உரிமை அவர் பிள்ளைக்குத்தான். வீட்டு வரி பள்ளிக் கட்டணம் இல்லை. பிள்ளையே இல்லாத கிழவரும் கட்டுகிறார், மூலையில் இருக்கும் மளிகைக் கடைக்காரரும் கட்டுகிறார்.

ஆற்றைக் கடந்து நியூயார்க் மாநிலத்துக்குப் போனால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அங்கே, மாவட்டத்துக்கு வெளியே வாழும் ஒருவர் உள்ளே சொத்து வைத்திருந்து பள்ளி வரி கட்டினால், வெளியூர்ப் பிள்ளைக்கான கட்டணத்தில் அந்த வரியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கல்விச் சட்டத்தின் 3202ஆம் பிரிவு சொல்கிறது. கழிவு மட்டும்தான், இடம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளி விஷயத்தில் சட்டப்படியான வசிப்பிடம் அங்கேயும் ஒன்றே ஒன்றுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறும் என்பதால், கலிஃபோர்னியா மச்சானும் டெக்சாஸ் சித்தியும் சொல்வதைக் கேட்டு இங்கே படிவம் நிரப்பாதீர்கள். கலிஃபோர்னியாவில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் வசித்தாலே போதும். பெற்றோர் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் அந்த மாவட்டத்துக்குள் வேலை பார்த்தால், அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளவும் மாவட்டத்துக்கு அனுமதி உண்டு. டெக்சாஸில் இன்னும் வேடிக்கை. பள்ளி விட்டபின் பிள்ளையைப் பெருமளவு பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி அந்த மாவட்டத்தில் வசித்தால், அதையே காரணமாக வைத்துச் சேர்க்கலாம் (விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து போகும் நம் அம்மாக்களை நினைத்து ஆசைப்பட வேண்டாம்). அதே டெக்சாஸில், ஊர்ப் பெயரை நம்பி வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இர்விங் நகரத்தில் வேலி ரான்ச் என்ற பகுதி நம்மவர் நிறைய வாழும் இடம். முகவரி இர்விங், ஆனால் ஒரு தெருவில் பிள்ளைகள் கோப்பெல் மாவட்டத்துக்குப் போவார்கள், இன்னொரு தெருவில் கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் மாவட்டத்துக்கு. தபால்காரரின் எல்லை வேறு, பள்ளியின் எல்லை வேறு.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 'தற்காலிக வசிப்பு' என்று ஒரு வழி இங்கே சட்டத்திலேயே இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. பெற்றோரின் நிரந்தர வீடு வேறு ஊரில் இருந்தாலும், அவர் இந்த மாவட்டத்தில் தற்காலிகமாக வசிக்கிறார் என்றால் பிள்ளை இங்கே படிக்கலாம். வீட்டில் தண்ணீர் புகுந்து ரிப்பேர் நடக்கும் வரை வேறு ஊரில் தங்குபவர், பிராஜெக்ட்டுக்காக ஒரு வருடம் குடும்பத்தோடு வந்து இருப்பவர் எல்லாம் இதில் வருவார்கள். ஒரு வருடம் தொடர்ந்து அங்கேயே குடியிருந்துவிட்டால் அப்புறம் அதுவே நிரந்தர வீடு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, அந்த வசிப்பு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காக மட்டும் இருக்கக் கூடாது. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

இந்த இடத்தில் ஐந்தாமவர் குறுக்கே கேட்பார்: "நல்ல ஸ்கூலுக்காக ஊர் மாறுறதே தப்பா?" இல்லவே இல்லை. இந்த நாட்டில் எத்தனையோ பேர் அதற்காகத்தான் வீடு மாறுகிறார்கள். மொத்தக் குடும்பமும் பெட்டி கட்டிக்கொண்டு போய் அந்த ஒன் பெட்ரூமிலேயே வாழ்ந்தால் அது உங்கள் வீடு. ஹாலில் நாலு பேர் படுத்தாலும் சரி, பேஸ்மெண்டில் இருந்தாலும் சரி, பள்ளி அதைக் கேள்வி கேட்கக் கூடாது. வீட்டின் நிலைமையோ, லீஸில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது என்பதோ பிள்ளையின் தகுதியைப் பாதிக்காது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். விசா எந்த வகை, சோஷியல் செக்யூரிட்டி எண் உண்டா, வருமான வரிக் கணக்கு எங்கே என்றெல்லாம் நிபந்தனை போடவும் கூடாது. எச்-1பியில் வந்து ஒரே வீட்டைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கும் இளம் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் இருப்பவர் தெரியாமல் கேட்டுவிடுவதும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், நாலு பெட்ரூம் வீடு பத்து நிமிடத் தூரத்தில் விளக்கெரிய நிற்கும்போது, ஒன் பெட்ரூமில் வாழ்கிறோம் என்று சொல்வதில்தான்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். பெரிய வீடு ஒரு ஊரில், வாடகை ஃபிளாட் இன்னொரு ஊரில். ஃபிளாட்டில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்று திருச்சியிலிருந்து வந்த பாட்டியையும் தாத்தாவையும் அங்கே தங்கவைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை ஏழு மணிகூட ஆகவில்லை, கதவு தட்டும் சத்தம். பள்ளி மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அட்டையைக் காட்டுகிறார். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அவர் ஃபோனை எடுத்து, மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து நீட்டினார். பாட்டி அதைப் பார்த்து அசந்துபோய், பேசுவது தமிழாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், காபி சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்டார். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார்: பிள்ளைகள் ஸ்கூல் விட்டு சாயங்காலம் இங்கே வருவார்கள், ஏதாவது சாப்பிடுவார்கள், ராத்திரி அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். படுக்கையறை அலமாரிக்கு மேலே காற்றடைக்கும் மெத்தை பிரிக்காத டப்பாவில் இருந்தது. குளியலறைக் கோப்பையில் இரண்டு பிரஷ்ஷும், பக்கத்தில் தாத்தாவின் பல்செட் கிண்ணமும். மகனும் மருமகளும் அன்று இரவு பாட்டியைக் கடிந்துகொண்டார்களாம். எழுபது வயதில் ஒரு மனுஷி பொய் சொல்லாததற்குத் திட்டு வாங்கிய கதை அது.

எல்லா விசாரணையும் இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. மாநிலக் கல்வி ஆணையரிடம் போகும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில், பெற்றோர் பெயருக்குப் பதில் தலைப்பெழுத்து மட்டும் போட்டு, எல்லாவற்றையும் வெளியிடுகிறார்கள். நேரம் கிடைத்தால் படித்துப்பாருங்கள். தெருவோரம் காரில் உட்கார்ந்திருந்த ஒருவர், இன்ன தேதி, இன்ன மணிக்கு இந்த வீட்டு கராஜ் கதவு திறந்தது, பையோடு ஒரு சிறுமி ஏறினாள் என்று எழுதிவைத்த குறிப்பு சாட்சியாகப் பேசும். எதிரே பெற்றோர் தரப்பில் ஒரு லீஸும் இரண்டு கரண்ட் பில்லும். பில்லில் யூனிட் கணக்கையும் பார்ப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. நாலு பேர் வாழும் வீட்டில் ஜனவரி மாதம் மின்விளக்கு எரியாதா, ஹீட்டர் ஓடாதா?

தோற்றால் என்ன ஆகும்? பிள்ளை தகுதியில்லாமல் படித்த ஒவ்வொரு நாளுக்கும், ஒரு மாணவருக்கான ஆண்டுச் செலவில் 180ல் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்த மாவட்டத்தின் ஆண்டுச் செலவு 18,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 100 டாலர். இரண்டு பிள்ளைகள், முழுப் பள்ளியாண்டு என்றால் 36,000. ஒன் பெட்ரூம் வாடகை இதற்கு மேல் தனி. மேல்முறையீடு நடக்கும்போது பிள்ளை அங்கேயே படிக்கலாம், ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தோற்றால் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் பில் வரும். உறவினர் வீட்டில் வளர்கிறான் என்று பொய்யாக உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் அது தனிக் குற்றம்.

பணத்தைக்கூட விடுங்கள். என் வகுப்பில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 'என் வீடு' என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். முகவரியையும் தமிழில் எழுதிப் பழகட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். ஒரு பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்து, மிக மெதுவாக, "டீச்சர், நிஜ அட்ரஸா, ஸ்கூல் அட்ரஸா?" என்று கேட்டான். பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காதபடி கையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டான். பள்ளியில் புதிதாகக் கிடைத்த நண்பனைப் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு அழைக்க முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது, ஃபோட்டோவில் வீடு தெரியக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல பள்ளி என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் பாதி இன்பத்தை அந்தப் பையனிடமிருந்து பறித்துவிட்டுத்தான் அங்கே அனுப்பியிருக்கிறோம். எனக்கு அந்த அம்மா அப்பா மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பிரிந்து வாழும் பெற்றோருக்கும் இங்கே சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை, அதனால் தேவையில்லாமல் பொய் சொல்கிறார்கள். அப்பா ஒரு மாவட்டத்திலும் அம்மா இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், எந்தப் பள்ளி என்று நீதிமன்ற உத்தரவிலோ, இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திலோ சொல்லியிருந்தால் அதுவே போதும். அப்படி எதுவும் இல்லையென்றால், பள்ளியாண்டின் பெரும்பகுதியைப் பிள்ளை யாரோடு கழிக்கிறதோ அவர் ஊர். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று சரிபாதியாக இருந்தால், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய அக்டோபர் 16க்கு முன்பான கடைசிப் பள்ளி நாளில் பிள்ளை யாருடன் இருந்ததோ அவர் இப்போது வாழும் ஊர் என்று ஒரு தேதியையே வைத்து முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். இதை எழுதியவர் எத்தனை சண்டைகளைக் கேட்டுச் சலித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஆகவே, விவாகரத்துப் பத்திரம் எழுதும்போதே வக்கீலிடம் பள்ளி எது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டை விட்டு வெளியேறி அக்கா வீட்டு ஹாலில் பிள்ளையோடு தங்கியிருக்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு 1987லிருந்து ஒரு கூட்டரசுச் சட்டம் துணை இருக்கிறது, மெக்கின்னி-வென்டோ என்று பெயர். வீடிழந்து வேறு வழியில்லாமல் உறவினரோடு ஒண்டியிருக்கும் பிள்ளை, ஏற்கெனவே படித்த பள்ளியிலேயே தொடரலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பேசுங்கள். நியூஜெர்சியில் இன்னொரு சட்டமும் உண்டு. பெற்றோரில் ஒருவர் இறந்துபோனதால் குடும்பம் குலைந்தாலோ, வீட்டில் அடிதடி என்றாலோ, தீ, வெள்ளம் போன்றவற்றால் வீட்டை இழந்தாலோ, வேறு ஊருக்குக் குடிபோனாலும் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை பழைய பள்ளியில் இலவசமாகவே படிக்கலாம். இவர்கள் யாரும் முகவரியை மறைக்க வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னாலே கதவு திறக்கும்.

இந்த விதிகள் நியாயமானவை என்று நான் வாதாட வரவில்லை. இந்த நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள், நம் மாநிலத்தில் மட்டும் 600 அளவில். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் பிறந்தால் இன்னொரு பள்ளி. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டத்துப் பெற்றோர், வீட்டு வரியை வைத்துப் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவது ஏழைப் பிள்ளைக்கு அநீதி என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றார்கள். 1982ல் அதே நீதிமன்றம், குடியேற்ற ஆவணம் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து தள்ளக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே டெக்சாஸின் மக்காலன் ஊர் வழக்கு. அமெரிக்காவில் பிறந்த பையன், பெற்றோர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ரெய்னோசாவில், அவன் படிப்புக்காக அக்கா வீட்டில். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பள்ளிக்காக மட்டும் வந்து தங்கும் பிள்ளைக்கு இலவசக் கல்வி மறுக்கலாம் என்று தீர்ப்பு. நம் ஐந்தாமவரின் ஃபிளாட் வரை நீள்வது இந்தத் தீர்ப்பின் நிழல்தான்.

இந்தக் கோட்டைத் தாண்டியதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஒஹாயோவின் ஆக்ரனில், அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு கறுப்பினத் தாய், தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்து மகள்களைப் பக்கத்து மாவட்டத்தில் படிக்கவைத்தார். மாவட்டம் துப்பறிவாளரை வைத்துப் பின்தொடர்ந்தது. 2011ல் ஆவணத்தைத் திருத்திய பெருங்குற்றம் என்று தண்டிக்கப்பட்டு, அவர் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பிறகு ஆளுநர் ஜான் கேசிக் அதைச் சிறு குற்றமாகக் குறைத்தார். கலிஃபோர்னியாவின் ஓரிண்டாவில் 2014ல், ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்த பெண்ணின் இரண்டாம் வகுப்பு மகளை விசாரித்து வெளியேற்றப் பார்த்தார்கள். ஊர் கொதித்ததும் மாவட்டம் பின்வாங்கியது. அதன் பிறகுதான், வேலை செய்யும் வீட்டிலேயே பள்ளி வாரத்தில் மூன்று நாளாவது பிள்ளையோடு தங்கும் பெற்றோருக்கு அங்கேயே பள்ளி உண்டு என்று மாநிலச் சட்டம் திருந்தியது. அந்தப் பெண்களுக்கு இரண்டாவது வீடு இல்லை. நமக்கு இருக்கிறது. கோடு அநீதி என்பதால்தான் ஃபிளாட் எடுத்தேன் என்று ஒருவர் என்னிடம் கொள்கை பேசினார். கோடு உறுத்துகிறது என்றால் பள்ளி வாரியக் கூட்டத்தில் போய் மூன்று நிமிடம் பேசலாம், வாரியத் தேர்தலில் நிற்கலாம். ரகசியமாக ஒரு சாவி செய்துகொள்வது போராட்டம் ஆகாது.

நேர்வழியும் இல்லாமல் இல்லை. வெளி மாவட்டப் பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் 2010லிருந்து நிலையாகவே இருக்கிறது. எல்லா மாவட்டமும் அதில் இல்லை, இடமும் குறைவு, ஆனாலும் விண்ணப்பிக்கலாம். கவுண்டி அளவில் நடக்கும் தொழில்-அறிவியல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, கவுண்டிக்குள் எந்த ஊரில் இருந்தாலும் போட்டியிட்டுச் சேரலாம். மிடில்செக்ஸ் கவுண்டியில் எடிசன் அகாடமி, பெர்கன் கவுண்டியில் பெர்கன் கவுண்டி அகாடமீஸ் எல்லாம் அந்த வகை. கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியூர்ப் பிள்ளையைச் சேர்க்கும் மாவட்டங்களும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் வருடம் முழுதும் கட்டப்போகும் ஃபிளாட் வாடகையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், சில வேளை ஃபிளாட்தான் அதிகம் வரும். புது வீடு கட்டி முடியாதவர்கள், வாங்கிய ஒப்பந்தத்தைக் காட்டி முன்கூட்டியே கேளுங்கள். எத்தனை நாள் பொறுப்பார்கள், அதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒவ்வொரு மாவட்டமும் தன் கொள்கையில் எழுதிவைத்திருக்கும். கேட்டவருக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்காக வெளியூரில் அறை எடுத்திருக்கும் அப்பாக்களே, நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. குடும்பம் எங்கே இருக்கிறதோ, வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் எங்கே திரும்பி வருகிறீர்களோ அதுவே உங்கள் வீடு. ஆனால் டிரைவிங் லைசென்ஸையும் வாக்காளர் பதிவையும் அந்த அறையின் முகவரிக்கு மாற்றிவிட்டு, பள்ளியில் மட்டும் வேறு சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். காகிதங்கள் எல்லாம் ஒரே ஊரைச் சொல்லட்டும். அதேபோல, வீடு இரண்டு ஊரின் எல்லையில் விழுந்திருந்தால், தபால் முகவரியை நம்பாமல் வரி எந்த ஊருக்கு அதிகம் போகிறது என்று பாருங்கள். விதி அதைத்தான் பார்க்கிறது.

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. பல மாவட்டங்களில் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க எண் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் புகார்களில் சில நம் ஆட்கள் நம் ஆட்கள் மேல் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். கொலுவுக்குக் கூப்பிடவில்லை, அவர் பையன் கணக்குப் போட்டியில் முந்திவிட்டான் என்பதற்கெல்லாம் அந்த எண்ணை அழுத்துகிறார்கள். போன வருடம் அப்படி மாட்டியது பொய் முகவரிக்காரர் இல்லை, கணவனைப் பிரிந்து வந்த ஒரு பெண். அவர் எல்லாக் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று. உங்களுக்குத் தெரியாத கதை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருக்கும்.

கடைசியாக, உறை வந்துவிட்டவர்களுக்கு. 'தகுதியில்லை' என்று முதல் கடிதம் வந்தவுடன் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். அது முதற்கட்டக் கடிதம், வாரியத்தின் முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. வாரியம் மறுத்தால் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 21 நாள். உண்மை உங்கள் பக்கம் இருந்தால் போங்கள், வழக்கறிஞர் இல்லாமலே போனவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். உண்மை உங்கள் பக்கம் இல்லையென்றால் அன்றைக்கே மாவட்டத்தோடு பேசி, பிள்ளையை உங்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றுங்கள், இழுக்க இழுக்க நாளுக்கு நூறு என்று ஏறும். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் வராந்தாவில் இருப்பேன், லீஸ், ரசீது, நீதிமன்றக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். தயவுசெய்து இருபதாவது நாள் வந்து நிற்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழ் டீச்சர்
மத்திய நியூஜெர்சி